பேஸ் கிட்டாரில் மாலையில் மட்டும் கரகரப்பு: பிக்கப்பை மாற்றும் முன் வீட்டைச் சோதியுங்கள்

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொன்னால் இதுதான். இரண்டு ஒற்றைச் சுருள் பிக்கப்புகள் (தந்தியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் உறுப்புகள்) கொண்ட ஜாஸ் பேஸ் வகைக் கிட்டார், அதாவது தாழ்ந்த சுரங்களுக்கான மின்கிட்டார். பகலில் ஒழுங்காக ஒலிக்கிறது. மாலையானால் கரகரவென்று ஓர் இரைச்சல் சேர்ந்துகொள்கிறது. தந்தியில் கை வைத்தால் பாதி அடங்குகிறது. நாற்காலியை ஒரு பக்கம் திருப்பி உட்கார்ந்தால் இன்னும் கொஞ்சம் அடங்குகிறது. அறையின் விளக்கை அணைத்தும் பயனில்லை. அதே கிட்டார், அதே கேபிள், அதே ஆம்ப்ளிஃபையர் (ஆம்ப்) நண்பர் வீட்டில் சுத்தமாக ஒலிக்கின்றன. பிக்கப்பை மாற்றிவிடலாமா என்று கேட்கிறீர்கள். குற்றம் கருவியில் இருக்கிறதா, வீட்டில் இருக்கிறதா என்பதுதான் உண்மையில் நீங்கள் அறிய விரும்புவது. நீங்கள் எழுதியிருப்பதை வைத்துச் சொன்னால், குற்றம் பெரும்பாலும் வீட்டில்தான். பிக்கப்புக்கு இப்போது பணம் செலவழிக்க வேண்டாம்.

நான் கிட்டார்களையும் ஆம்ப்ளிஃபையர்களையும் பழுதுபார்ப்பதைத் தொழிலாகக் கொண்டவன். இரைச்சல் என்ற புகாருடன் என் மேசைக்கு வரும் கிட்டார்களில் பெரும்பாலானவற்றின் பிக்கப்புகள் நன்றாகவே இருக்கின்றன. அவை தம் வேலையைச் சரியாகச் செய்வதால்தான் இரைச்சலும் கேட்கிறது. பிக்கப் என்பது காந்தத்தைச் சுற்றி, தலைமுடியைவிட மெல்லிய செப்புக் கம்பியைப் பல ஆயிரம் சுற்றுகள் சுற்றிய சுருள். எஃகுத் தந்தி அதன் மேல் அதிரும்போது காந்தப்புலம் அசைகிறது. அந்த அசைவு சுருளில் மின்னழுத்தமாக மாறுகிறது. அசையும் காந்தப்புலம் எங்கிருந்து வந்தாலும் சுருளுக்கு ஒன்றுதான். தந்தியிலிருந்து வந்ததா, சுவருக்குப் பின்னால் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து வந்ததா என்று அது பிரித்தறியாது.

பேஸ் வாசிப்பவர்களுக்கு இதில் கூடுதலாக ஒரு சங்கடம் உண்டு. வீட்டு மின்சாரம் நாட்டைப் பொறுத்து விநாடிக்கு 50 முறையோ 60 முறையோ முன்னும் பின்னுமாக ஊசலாடுகிறது; விநாடிக்கு ஓர் ஊசல் என்பது ஒரு ஹெர்ட்ஸ். நான்கு தந்தி பேஸின் மிகத் தாழ்ந்த ஈ சுரம் 41.2 ஹெர்ட்ஸ். அதே தந்தியின் மூன்றாம் ஃபிரெட்டில் (கழுத்தின் குறுக்கே இருக்கும் உலோகப் பட்டை) வரும் ஜி 49 ஹெர்ட்ஸ், நான்காம் ஃபிரெட்டில் வரும் ஜி ஷார்ப் ஏறக்குறைய 52. ஆக, 50 ஹெர்ட்ஸ் ரீங்காரம் இந்த இரண்டு சுரங்களுக்கும் நடுவில் உட்கார்ந்துகொள்கிறது. 60 ஹெர்ட்ஸ் என்றால் ஏ ஷார்ப்புக்கும் பி-க்கும் நடுவில். சாதாரண கிட்டார்க்காரர் ஆம்பில் தாழ் ஒலியை வெட்டி ரீங்காரத்தைத் தணித்துக்கொள்ளலாம். நாம் அங்கே கை வைத்தால் நம் இசையையே வெட்டுகிறோம். அதனால்தான் ஈக்வலைசரால் தீர்த்துவிடலாம் என்று யாராவது சொன்னால் நான் ஏற்பதில்லை. இரைச்சலை அது புறப்படும் இடத்திலோ வரும் வழியிலோதான் நிறுத்த வேண்டும்.

வழிகள் மூன்று. காந்தப்புலமாகப் பிக்கப்புக்குள் நேரே புகுவது ஒன்று. மின்புலமாக உங்கள் உடல் வழியாகவும் கிட்டாரின் உள்கம்பிகள் வழியாகவும் தொற்றுவது இன்னொன்று. கேபிளும் எர்த்தும் சேர்ந்து உருவாக்கும் வளையத்தின் வழியாக ஆம்புக்குள் நுழைவது மூன்றாவது. எந்த வழி என்று தெரியாமல் வாங்கும் எந்தப் பொருளும் அதிர்ஷ்டத்தை நம்பி வாங்குவதுதான். நல்லவேளையாக, வழியைக் கண்டுபிடிக்கக் கிட்டாரும் இரண்டு கைகளும் போதும்.

முதலில் இரண்டு வால்யூம் குமிழ்களையும் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். உங்களுடையதைப் போன்ற பேட்டரி இல்லாத கிட்டாரில் அப்போது பிக்கப்புகள் துண்டிக்கப்பட்டதற்குச் சமம். இரைச்சல் அடங்கிவிட்டால் அது கிட்டாரின் வழியாக வந்தது. அப்படியே இருந்தால் கேபிளையும் ஆம்பையும் செருகுமிடத்தையும் பார்க்க வேண்டும். இந்த இடத்தில் பலர் கேபிளைக் கிட்டாரிலிருந்து உருவி, முனையைக் கையில் பிடித்துக்கொண்டு ‘ஆம்ப் எப்படி இரைகிறது பாருங்கள்’ என்பார்கள். திறந்து கிடக்கும் கேபிள் எந்த ஆம்பிலும் இரையத்தான் செய்யும். அது சோதனையே ஆகாது.

அடுத்தது தந்தியைத் தொடும் சோதனை. தொட்டால் பாதி அடங்குகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் உதவிய வரி அதுதான். கை வைத்ததும் கிட்டாருக்கு நாம் எர்த் கொடுக்கிறோம் என்று பலரும் நினைக்கிறார்கள். நடப்பது தலைகீழ். சுவரிலும் கூரையிலும் ஓடும் மின்கம்பிகளின் மின்புலத்தை நம் உடல் வாங்கிக்கொண்டு, மடியில் இருக்கும் கிட்டாருக்குள் அதைச் செலுத்துகிறது. தந்தியைத் தொட்டதும் பிரிட்ஜ் (உடலின் மேல் தந்திகளைத் தாங்கும் உலோகப் பகுதி), அதன் அடியில் இருக்கும் எர்த் கம்பி, கேபிளின் வெளிக்கவசம், ஆம்ப் என்ற பாதையில் கிட்டார்தான் நமக்கு எர்த் கொடுக்கிறது. இரைச்சலைக் கொண்டுவந்த உடல் அடங்கிவிடுகிறது. ஆகவே, தொட்டால் குறைகிறது என்றால் இரண்டு விஷயங்கள் உறுதி: இரைச்சலின் ஒரு பகுதி மின்புலமாக வருகிறது, உங்கள் பிரிட்ஜின் எர்த் கம்பி நன்றாக இருக்கிறது. அந்தக் கம்பி பல கிட்டார்களில் பற்றவைக்கப்பட்டிருக்காது. தோலுரித்த நுனி மரத்தின் மேல் படிந்து கிடக்க, அதன் மேல் பிரிட்ஜைத் திருகி இறுக்கியிருப்பார்கள். நாளாக ஆகத் திருகு தளர்ந்தாலோ செம்பு கறுத்தாலோ தொடர்பு விட்டுப்போகும். மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பிரிட்ஜிலும் மறுமுனையைக் கேபிள் செருகும் ஜாக்கின் வெளி உலோகத்திலும் வைத்துப் பார்த்தால் ஏறக்குறைய பூஜ்யம் ஓம் காட்ட வேண்டும். தொடும்போது இரைச்சல் கூடுகிறது என்றால் ஜாக்கில் இரண்டு கம்பிகளும் இடம் மாறியிருக்கின்றனவா என்று பாருங்கள். தொடும்போது விரலில் விறுவிறுப்போ சிறு அதிர்ச்சியோ தெரிந்தால் சோதனையை அங்கேயே நிறுத்துங்கள். ஆம்பையும் சுவரின் எர்த்தையும் எலக்ட்ரீஷியன் பார்க்கும்வரை அதை மறுபடி போடக் கூடாது.

மூன்றாவது, திருப்பும் சோதனை. கிட்டாரைப் பிடித்தபடி மெல்ல ஒரு முழு வட்டம் திரும்புங்கள். காந்தப்புலத்துக்குத் திசை உண்டு. சுருளின் அச்சு அதற்கு நேராக இருக்கும்போது இரைச்சல் உச்சத்திலும், குறுக்காக இருக்கும்போது அடிமட்டத்திலும் இருக்கும். உங்களுக்குத் திரும்பினால் குறைகிறது. எனவே காந்தப்புலமும் இருக்கிறது. இதை உறுதிசெய்துகொள்ள ஜாஸ் பேஸிலேயே ஒரு வசதி உண்டு. இப்போது கிடைக்கும் ஜாஸ் பேஸ் வகைக் கிட்டார்கள் பெரும்பாலானவற்றில் இரண்டு பிக்கப்புகளும் ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் சுற்றப்பட்டு, காந்த முனைகளும் மாற்றி வைக்கப்பட்டிருக்கும். தந்தியின் ஒலி இரண்டிலும் கூடும். வெளியிலிருந்து வரும் காந்த ரீங்காரம் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். ஆனால் இரண்டு வால்யூம்களும் சமமாக இருந்தால்தான் இது நடக்கும். ஒன்றைச் சற்றே குறைத்தாலும் ரீங்காரம் எட்டிப்பார்க்கும். இரண்டையும் முழுக்கத் திறந்து, தந்தியையும் தொட்டுக்கொண்டு கேளுங்கள். ஏறக்குறைய அமைதி வந்துவிட்டால், உங்கள் இரைச்சல் முழுவதும் இந்த இரண்டு வழிகளிலேயே வருகிறது என்று பொருள். கிட்டாருக்கு ஒரு நோயும் இல்லை.

இதுவரை சொன்னதில் எனக்கு ஐயம் இல்லை. இனி வருவது ஊகம் கலந்தது. மாலையில் மட்டும் வருகிறது, ரீங்காரமாக இல்லாமல் கரகரப்பாக இருக்கிறது, காந்தமாகவும் மின்புலமாகவும் ஒரே நேரத்தில் வருகிறது. இந்த மூன்றையும் ஒன்றுசேர்த்தால் நான் முதலில் சந்தேகிப்பது விளக்கின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர். விளக்கு டிம்மரும் மின்னணு விசிறி ரெகுலேட்டர்கள் பலவும் ஒரே இனம். உள்ளே இருக்கும் டிரையாக் என்ற சிறு உறுப்பு ஒவ்வோர் அரை அலையிலும் முதல் பகுதியை அடைத்துவைத்து, நடுவில் சட்டென்று திறக்கிறது. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் விநாடிக்கு 100 முறை இப்படி மின்னோட்டம் செங்குத்தாக எகிறுகிறது. ஒவ்வோர் எகிறலும் தாழ்ந்த ரீங்காரத்தின் மேல் கூர்மையான உயர் ஒலிகளை அடுக்குகிறது. அந்தக் கரகரப்பை ஒருமுறை கேட்டவர் மறக்கமாட்டார். முழு வெளிச்சத்தில் மிகக் குறைவாகவும், பாதி வெளிச்சத்தில் மிக மோசமாகவும் இருப்பது இதன் அடையாளம். அது உங்கள் அறையில் இருக்க வேண்டும் என்பதில்லை. கூடத்திலோ மாடியிலோ யாரோ டிம்மரைத் திருப்பினாலும், அந்த மின்சுற்றின் கம்பி உங்கள் சுவருக்குள் ஓடினால் போதும்.

‘விளக்கை அணைத்தும் போகவில்லை’ என்பதால் விளக்கை விலக்கிவிட முடியாது என்பதையும் சொல்லவேண்டும். சுவிட்ச் மின்சாரம் வரும் ஃபேஸ் கம்பியில் இல்லாமல், அது திரும்பும் நியூட்ரலில் போடப்பட்டிருந்தால், அணைத்த பிறகும் விளக்குவரை கம்பி உயிரோடுதான் இருக்கும். மின்னோட்டம் நின்றதால் காந்தப்புலம் போகும், மின்புலம் அப்படியே நிற்கும். இரட்டைமுனைப் பிளக் கொண்ட மேசை விளக்கிலும் இதே கதைதான். சில இடங்களில் பிளக்கைத் திருப்பிச் செருகினாலே இரைச்சல் மாறிவிடும். பாதுகாப்பு நோக்கிலும் சுவிட்ச் ஃபேஸில் இருப்பதே சரி. ஆகவே இப்படி ஒன்றைக் கண்டுபிடித்தால் இசைக்காக இல்லாவிட்டாலும் திருத்திவிடுங்கள்.

எதிர்பாராத இடங்கள் இன்னும் உண்டு. காலிங் பெல்லின் சிறு டிரான்ஸ்ஃபார்மர் மணி அடித்தாலும் அடிக்காவிட்டாலும் நாள் முழுதும் மின்சாரத்திலேயே இருக்கும். மீன்தொட்டியின் காற்றுப் பம்ப் ஒரு மின்காந்தத்தை அதிரவைத்தே வேலை செய்கிறது. தொட்டால் எரியும் விளக்கு அணைந்திருக்கும்போதும் தன் உடலில் ஓர் அலைவைச் சுமந்துகொண்டே இருக்கும். இண்டக்‌ஷன் அடுப்பு, மெத்தைக்கு அடியில் விரிக்கும் சூடேற்றி, மின்கம்பி வழியாக இணையத்தைக் கடத்தும் அடாப்டர் என்று பட்டியல் நீளும். சுவருக்கு அந்தப் பக்கம் குளிர்சாதனப் பெட்டியின் முதுகு இருக்கிறதா என்று பார்க்க யாருக்கும் தோன்றுவதில்லை. செங்கல்லும் சிமெண்டும் காந்தப்புலத்தைச் சிறிதும் தடுப்பதில்லை.

இவற்றுள் எது என்று கண்டுபிடிக்கக் கிட்டாரே நல்ல கருவி. நீளமான கேபிளைச் செருகி, பிரிட்ஜ் பக்கப் பிக்கப்பை மட்டும் முழுக்கத் திறந்து, தந்திகளை உள்ளங்கையால் அமர்த்திக்கொண்டு சுவரோரமாக நடங்கள். பிக்கப் சுவரைப் பார்த்திருக்கட்டும். சுவிட்ச் பெட்டிக்கு எதிரே வரும்போதோ, தரையோரம் இருக்கும் அடாப்டரை நெருங்கும்போதோ இரைச்சல் பொங்கி எழும். தூரத்தோடு அது எப்படி மாறுகிறது என்பதையும் கவனியுங்கள். சிறு டிரான்ஸ்ஃபார்மரின் காந்தப்புலம் தூரத்தின் மூன்றாம் அடுக்கில் தேய்கிறது: தூரத்தை இரட்டித்தால் எட்டில் ஒரு பங்காகிவிடும். அதாவது ஓரடி நகர்ந்ததும் இரைச்சல் விழுந்துவிட்டால், ஆளைப் பிடித்துவிட்டீர்கள். ஃபேஸும் நியூட்ரலும் பக்கத்தில் பக்கத்தில் ஓடும் கம்பியில் இரட்டித்த தூரத்தில் நான்கில் ஒரு பங்கு.

அறை முழுக்க எங்கே போனாலும் ஏறக்குறைய ஒரே அளவில் இரைந்தால் அது வேறு வகை. ஃபேஸ் ஒரு வழியாகப் போய், நியூட்ரல் வேறொரு வழியாகத் திரும்பும் தவறான இணைப்பு இருக்கலாம். மாடிப்படியின் மேலும் கீழும் சுவிட்ச் வைத்து ஒரே விளக்கை எரியவிடும் அமைப்பில், இரண்டு சுற்றுகளின் நியூட்ரலைக் கலந்துவிடுவதால் இது அடிக்கடி நேர்கிறது. அப்போது வீடே ஒற்றைச் சுற்றுக் கம்பிச் சுருளாகிவிடுகிறது. அதற்கு உள்ளே நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள். இந்தப் புலம் இரட்டித்த தூரத்திலும் பாதிதான் குறையும். மாடிப்படி விளக்கு மாலையில்தான் எரியும் என்பதால், உங்கள் வீட்டில் டிம்மரே இல்லை என்றால் என் அடுத்த சந்தேகம் இதுதான். நியூட்ரல் கலந்திருப்பது இரைச்சலைத் தாண்டி ஆபத்தும் கூட: ஒரு சுற்றின் ஃபியூஸை எடுத்துவிட்டு வேலை செய்பவருக்கு இன்னொரு சுற்றின் மின்சாரம் அடிக்கலாம். இதை நீங்களே பிரித்துப் பார்க்காமல் எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள்.

எல்லாவற்றையும்விடத் தெளிவான விடை தருவது மெயின் பெட்டிச் சோதனை. பேட்டரியில் இயங்கும் சிறு ஹெட்ஃபோன் ஆம்ப் ஒன்றை இரவல் வாங்குங்கள். மாலையில் இரைச்சல் வந்ததும், ஒருவர் மெயின் பெட்டியில் சுற்றுகளை ஒவ்வொன்றாக அணைக்க, நீங்கள் கேட்டுக்கொண்டிருங்கள். எந்தச் சுற்றில் அமைதி வருகிறதோ, தேடல் அதோடு சுருங்கிவிடும். எல்லாவற்றையும் அணைத்தும் இரைந்தால் அது பக்கத்து வீட்டிலிருந்தோ வெளியிலிருந்தோ வருகிறது. ஒரு எச்சரிக்கை: பேட்டரி ஆம்புக்கு எர்த் கிடையாது, எனவே மின்புல இரைச்சல் அதில் வேறுவிதமாகத் தெரியலாம். காந்த இரைச்சலுக்கு மட்டும் இந்தச் சோதனை முழு நம்பிக்கைக்குரியது. மின்புலப் பகுதிக்கு வழக்கமான ஆம்பையே வைத்து, அது செருகியிருக்கும் சுற்றைக் கடைசியாக விட்டு, மற்றவற்றை அணைத்துப் பாருங்கள்.

கணினியில் பதிவு செய்கிறீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. செய்பவராக இருந்தால் மூன்றாவது வழியும் முக்கியமாகிறது. மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றியதும் இரைச்சல் நின்றால் குற்றவாளி சார்ஜர்தான். பதிவு நேரத்தில் பேட்டரியில் ஓட்டுங்கள். கணினியும் ஆம்பும் வெவ்வேறு இடங்களில் எர்த் எடுத்து, கேபிளாலும் இணைந்திருந்தால் வளையம் உருவாகும். இரண்டையும் ஒரே பலகையில் செருகுவது முதல் மருந்து. கிட்டாரைப் பதிவுக் கருவியோடு இணைக்கும், டிரான்ஸ்ஃபார்மர் உள்ள டி.ஐ. பெட்டியில் கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சைத் தட்டுவது அடுத்தது. அது ஒலிக் கேபிளின் கவசத்தை மட்டுமே பிரிக்கிறது. பிளக்கின் எர்த்தைத் தொடுவதில்லை. பிளக்கின் எர்த் முனையை ஒடித்துவிட்டால் இரைச்சல் போகும் என்று சொல்பவர்கள் எப்போதும் இருக்கிறார்கள். போகும், உயிரையும் கொண்டுபோகக் கூடும். 1972-ல் ஸ்டோன் த குரோஸ் குழுவின் கிட்டார்க் கலைஞர் லெஸ் ஹார்வி, வேல்ஸின் ஸ்வான்சியில் மேடையிலேயே மைக்ரோஃபோனைத் தொட்டபோது மின்சாரம் பாய்ந்து இறந்தார். ஆம்பிலோ மைக்கிலோ எர்த் சரியில்லாமல், கிட்டாரும் மைக்கும் ஒரே மனிதரின் இரண்டு கைகளில் சேர்ந்தால் இது நடக்கக்கூடும். இந்த விஷயத்தில் விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வராது.

கைபேசியை உங்கள் விஷயத்தில் நான் சந்தேகிக்கவில்லை. அதன் இரைச்சல் விட்டுவிட்டுத் தட்டுவதுபோல் வரும். பழைய ஜி.எஸ்.எம். முறையில் ஒலிபரப்பு விநாடிக்கு ஏறக்குறைய 217 முறை துடிப்பதால் எழும் சத்தம் அது. வானொலிப் பேச்சும் பாட்டும் கேட்டால் தளர்ந்த பற்றவைப்பையோ மலிவான கேபிளையோ பாருங்கள். மத்திய அலை இரவில் வெகுதூரம் செல்வதால் அதுவும் மாலைக்குப் பிறகே தெரியும், ஆனால் நீங்கள் சொல்வது பேச்சு அல்ல, கரகரப்பு.

மருந்துக்கு வருவோம். மூலத்தை அணைப்பது, மாற்றுவது, அல்லது நாற்காலியை நகர்த்துவது முதல் படி. டிம்மரைச் சாதாரண சுவிட்சாக மாற்றிவிட்டால் உங்கள் பிரச்சினை அன்றே தீரக்கூடும். மின்புலப் பகுதி மிஞ்சினால் கிட்டாரின் உட்குழிகளில் செப்புத் தாளோ மின்கடத்தும் பூச்சோ போடலாம். தாள்களின் விளிம்புகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்க வேண்டும், அவை எர்த்தோடு இணைந்திருக்க வேண்டும், ஜாக்கின் உள்முனை தாளில் பட்டுவிடக் கூடாது. பட்டால் ஒலியே வராது. செப்புத் தாள் ரீங்காரத்தையும் நிறுத்தும் என்று விற்பவர்கள் சொல்வார்கள். அவ்வளவு மெல்லிய செம்பு இந்தத் தாழ்ந்த அதிர்வெண்ணில் காந்தப்புலத்தை நிறுத்தாது. ஒலி நின்றபின் கதவை மூடும் நாய்ஸ் கேட் பெடலும் சுரம் ஒலிக்கும்போது உள்ளே இருக்கும் இரைச்சலை எடுக்காது.

பிக்கப் மாற்றம் கடைசிப் படி; அதை நான் இழிவாகச் சொல்லவில்லை. ரீங்காரத்தை அழிக்கும் இரட்டைச் சுருள் முறை 1950-களிலேயே வந்துவிட்டது. கிப்சன் கிட்டார் நிறுவனத்தில் செத் லவர் ஹம்பக்கர் என்ற இவ்வகைப் பிக்கப்பை உருவாக்கினார்; ஃபெண்டரின் பிரிசிஷன் பேஸ் 1957-ல் இரண்டாகப் பிளந்த சுருளுக்கு மாறியது. 1960-ல் வந்த ஜாஸ் பேஸின் உடலுக்குள்ளேயே அடங்கும் வடிவில் ரீங்காரம் அழிக்கும் பிக்கப்புகளை இப்போது பலரும் செய்கிறார்கள். ஒற்றைச் சுருளின் உயர் ஒலித் தெளிவு அவற்றில் கொஞ்சம் மாறும். சிலருக்கு அது தெரியவே தெரியாது, எனக்குத் தெரியும். பிரிட்ஜ் பிக்கப்பை மட்டும் திறந்து வாசிப்பது உங்கள் பழக்கமாக இருந்து, இரைச்சலின் மூலம் பக்கத்து வீட்டில் இருந்து, நாற்காலியை நகர்த்த இடமும் இல்லை என்றால், அப்போது மாற்றுங்கள்.

உங்கள் வீட்டில் எந்தப் பொருள் என்பதை இங்கிருந்து என்னால் சொல்ல முடியாது. இரண்டு வால்யூம்களையும் திறந்தபோது என்ன ஆனது, மெயின் பெட்டியில் எந்தச் சுற்றை அணைத்ததும் அமைதி வந்தது என்ற இரண்டையும் எழுதுங்கள். அந்தச் சுற்றில் என்னென்ன இணைந்திருக்கின்றன என்ற பட்டியலும் இருந்தால், அடுத்து எதைக் கழற்ற வேண்டும் என்று சொல்கிறேன்.